யாழும் முழவும் யாருடையவை?

கி.பி. 700ஆம் ஆண்டையொட்டிப் பல்லவ வேந்தன் இராசசிம்மன் காஞ்சியில் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றிலே, சின்னஞ்சிறு ஆலயங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மீது அந்த மன்னன் தன் பட்டப் பெயர்களை இருநூறுக்கும் மேலாக வெட்டுவித்தான். போரில் வல்லவன், கொடையில் சிறந்தவன் என்று புகழும் பட்டங்களுக்கு இடையிலே, 'வாத்திய வித்தியாதரன்', 'ஆதோத்திய தும்புரு', 'வீணா நாரதன்' என்னும் பட்டங்களும் காணப்படுகின்றன. இசைக்கருவிகளை இயக்குவதில் வானுலகக் கலைஞருக்கு நிகரானவன் என்பது அவற்றின் பொருள். அதே கோயிலில் வீணை ஏந்திய சிவன் உருவத்தையும் சிற்பி செதுக்கி வைத்தான்.

மன்னன் பெயர் கல்லில் நிலைத்தது, நன்று. ஆனால் அவன் மீட்டிய வீணையைக் குடைந்த தச்சன் பெயர் என்ன? அவன் அவையிலே முழங்கிய முழவுக்குத் தோல் பதப்படுத்தியவன் பெயர் என்ன? நரம்பைத் திரித்து முறுக்கேற்றியவள் பெயர் என்ன? கல்வெட்டு பேசவில்லை. வேந்தனைத் தும்புரு என்றும் நாரதன் என்றும் பாடியவர்கள், வேந்தன் கையிலே கருவியைக் கொடுத்தவனை ஒரு சொல்லாலும் நினைக்கவில்லை.

காஞ்சியைக் கோயில் நகரம் என்கிறோம். பட்டு நகரம் என்கிறோம். அது இசை நகரமும் ஆகும். அந்த இசையின் வரலாற்றைப் பேசுவோர், எந்தப் பாடகர் எந்த இராகத்தைப் பாடினார், எந்தத் தெய்வம் எந்தக் கீர்த்தனைக்கு இரங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். நாம் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். இசை என்பது எவற்றால் ஆனது? அவற்றைக் கண்டறிந்த கைகள் எவை? அந்தக் கைகளுக்குச் சமுதாயம் அளித்த இடம் எது? இவற்றுக்கு விடை காண, முதலில் ஒலியின் இயல்பை அறிந்துகொள்வோம்.

ஒலியின் இலக்கணம்

ஒரு பொருள் அதிர்கிறது. அதைச் சூழ்ந்த காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு செவிப்பறையில் மோதுகிறது. ஒலி என்பது இவ்வளவே. ஒழுங்கின்றி அதிர்ந்தால் இரைச்சல். ஒழுங்காக அதிர்ந்தால் இசையொலி. ஒரு நொடியில் ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை நிகழும் அதிர்வுகளை மனிதச் செவி உணரும். அதிர்வு எண் மிகுந்தால் ஒலி உயரும், குறைந்தால் தாழும். அதிர்வின் வீச்சு மிகுந்தால் ஒலி வலுக்கும், குறைந்தால் மெலியும். ஒரே உயரத்தில் ஒரே வலிவோடு ஒலித்தாலும், நாதசுரத்தை நாதசுரம் என்றும் வீணையை வீணை என்றும் செவி பிரித்தறிகிறது. முதன்மை ஒலியோடு கலந்து வரும் துணை ஒலிகள் கருவிக்குக் கருவி வேறுபடுவதே அதற்குக் காரணம். உயரம், வலிவு, தன்மை ஆகிய இம்மூன்றோடு, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது மீண்டும் வருகிறது என்னும் காலக் கணக்கும் சேர்ந்தால் இசை பிறந்துவிடுகிறது.

இந்த இலக்கணம் எந்த நாட்டுக்கும் தனியுடைமை அன்று. ஒரு நரம்பைப் பாதியாக்கி மீட்டினால் அதே சுரம் ஒரு படி மேலே கேட்கிறது. இது இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதம். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் இனிதாக இயைந்த வேறொரு சுரம் கேட்கிறது. இது மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதம். கிரேக்கர் இந்த உண்மையைப் பித்தாகரசின் பெயரோடு இணைத்துப் போற்றினர். சீனர் மூங்கிற் குழலில் மூன்றிலொரு பங்கைக் கழித்தும் கூட்டியும் அதே உண்மையைக் கண்டனர், கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அதனை எழுதியும் வைத்தனர். தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளுக்குப் பெயரிட்டுக் குரலுக்கு இளி கிளை என்றனர். குரலைச் சட்சமாகக் கொண்டால் இளி பஞ்சமம். அதே மூன்றுக்கு இரண்டு. ஒருவரை ஒருவர் காணாத மூன்று மக்கள் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். இயற்கையின் விதி எல்லார்க்கும் பொது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டில் இந்த அறிவு அரசவையில் மட்டும் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையைப் பாருங்கள். மதுரைப் புறஞ்சேரியில் பால் கறந்து மோர் விற்கும் இடையர் குலப் பெண்கள் எழுவர் வட்டமாக நிற்கின்றனர். ஒருத்தி குரல், ஒருத்தி துத்தம், ஒருத்தி கைக்கிளை என ஏழு சுரங்களாகவே அவர்கள் நிறுத்தப்படுகின்றனர். சுர வரிசை மாடு மேய்க்கும் சேரியிலே வழங்கிய பொது அறிவாக இருந்தது என்பதை இளங்கோவடிகள் நமக்குக் காட்டுகிறார். பின்னாளில், கற்கும் உரிமை சிலர்க்கே உண்டு என்று வரம்பு கட்டியவர்கள், இந்தக் காதையை மறந்தனரா, மறைத்தனரா?

இசையை இறைவன் அருளினான், தேவர் கொணர்ந்தனர் என்று கூறுவோர்க்கு மண்ணடியிலிருந்தும் மறுமொழி வந்துவிட்டது. செருமனி நாட்டுக் குகையொன்றில் கழுகின் எலும்பில் துளையிட்ட குழல் கிடைத்தது. அதற்கு ஏறத்தாழ 40,000 ஆண்டு வயது சொல்கின்றனர். சீனாவின் சியாகு என்னும் இடத்தில் கொக்கின் எலும்பால் ஆன குழல்கள் கிடைத்தன. அவற்றிற்கு 8,000 ஆண்டுக்கு மேல் வயது. இன்று நாம் வழிபடும் தெய்வங்களுக்குப் பெயரே வைக்கப்படாத காலத்தில், வேட்டையாடிய மனிதன் தின்று எறிந்த எலும்பை எடுத்து ஊதியிருக்கிறான். இசையின் தொடக்கம் உழைப்பவன் கையில் இருந்தது.

பட்டும் தோலும் மூங்கிலும்

கருவிகளை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதிலும் உலகம் ஒரே திசையில் சிந்தித்திருக்கிறது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று தமிழர் பகுத்தனர். மனிதக் குரலை மிடற்றுக்கருவி எனத் தனியே வைத்தனர். வடமொழி நாட்டிய சாத்திரமும் நான்காகவே பகுத்தது. 19ஆம் நூற்றாண்டில் பெல்சிய நாட்டின் பிரசல்சு நகரில் கருவிக் காட்சியகம் அமைத்த மாயியோன் என்பார், ஐரோப்பியர் வழக்கிலிருந்த பகுப்பு உலகக் கருவிகளுக்கெல்லாம் போதாமை கண்டு, இந்திய நான்கு வகைப் பகுப்பின் வழியே தம் பட்டியலை அமைத்தார். அதனை விரிவாக்கி 1914ல் ஓர்ன்போசுடெல், சாக்சு ஆகிய இருவர் வெளியிட்ட முறையையே இன்று உலகக் காட்சியகங்கள் பின்பற்றுகின்றன. அதிர்வது கருவியின் உடலா, தோலா, நரம்பா, காற்றா என்பதே அந்த நான்கு. மின்னால் ஒலிப்பன பின்னர் ஐந்தாம் வகையாயின.

சீனர் பகுப்பு வேறு வகை. எதனால் செய்தது என்று கேட்டு, உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரை, மண், தோல், மரம் என எட்டாக்கினர். நரம்புக் கருவிக்கெல்லாம் அவர்கள் வைத்த பெயர் பட்டு! ஏனெனில், அவர்கள் பட்டு நூலைத் திரித்தே நரம்பு செய்தனர். பர்மாவின் வில்யாழுக்கும் முறுக்கிய பட்டே நரம்பாக இருந்தது. அந்தப் பர்மிய யாழ், வளைந்த தண்டும் தோல் போர்த்த குடமுமாக, நாம் இழந்துவிட்ட தமிழ் யாழின் உடன்பிறப்புப் போலவே இன்றும் வாழ்கிறது. பட்டுக்குப் பெயர் பெற்ற காஞ்சி, இந்தச் செய்தியைப் பெருமையோடு அறிய வேண்டும். இராசசிம்மன் 720ல் சீனப் பேரரசனிடம் தூது அனுப்பியவன். கடல் வழியே பண்டம் போயிற்று, சமயம் போயிற்று, நூல் போயிற்று. இசை மட்டும் தனித்துப் பிறந்து தனித்து வளர்ந்தது என்று எண்ணுவது பேதைமை.

தமிழ் யாழுக்கு நரம்பு விலங்கின் நரம்பே. சொல்லே அதைக் காட்டுகிறது. குடத்தின் மீது போர்த்தது விலங்கின் தோலே. பண்டைத் தமிழன் இதிலே தீட்டு எதனையும் காணவில்லை.

அரண்மனைக்குள் சென்றவன், வாயிலில் நின்றவன்

காஞ்சியின் இசை வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் பழைய ஏடுகளில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான அப்பாட்டு 500 அடிகளைக் கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் பெரும்பாணனைக் கண்டு, காஞ்சிக்குச் செல்லும் வழியைக் கூறுவதாக அமைந்தது. பேரியாழை உடையவர் பெரும்பாணர். புலவர் முதலில் அந்த யாழையே உறுப்பு உறுப்பாக விவரிக்கிறார். தோற்போர்வையும் வளைந்த கோடும் முறுக்கிய நரம்பும் இலக்கியத்தில் இடம் பெறுகின்றன. முடிவில் பாணன் அரண்மனைக்குள்ளே செல்கிறான். வேந்தன் அவனுக்கு நல்லாடை தருகிறான், உணவு தருகிறான், பொற்றாமரை சூட்டுகிறான், குதிரை பூட்டிய தேரும் தருகிறான்.

புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கும் அல்லாது வேறு குடி இல்லை என்கிறார். எண்ணிப் பாருங்கள். துடி ஒரு தோற்கருவி. பறை ஒரு தோற்கருவி. பாணன் யாழுக்கு உரியவன். நாட்டின் சிறந்த குடிகளை எண்ணத் தொடங்கிய புலவர் இசைக் குடிகளையே வரிசையாக எண்ணுகிறார்!

சில நூற்றாண்டுகள் கழிகின்றன. பெரிய புராணம் கூறும் திருநீலகண்ட யாழ்ப்பாணர், மதுரை ஆலவாய்க் கோயிலின் வாயிலில் நின்று யாழை வாசிக்கிறார். இறைவன் கனவில் வந்து ஆணையிட்ட பின்னரே அவரை உள்ளே கொண்டு சென்றனராம். திருப்பாணாழ்வார் திருவரங்க மண்ணை மிதிக்க அஞ்சிக் காவிரிக்கரையில் நின்றாராம். முனிவர் ஒருவர் தோளில் சுமந்து சென்ற பின்னரே உள்ளே புகுந்தாராம். பக்தர்கள் இவற்றை இறைவனின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவர். நாம் வேறொன்றைக் காண்கிறோம். இளந்திரையன் காலத்துப் பாணனுக்கு அரண்மனைக்குள் செல்லக் கனவும் வேண்டியதில்லை, தோளும் வேண்டியதில்லை. அவன் நடந்து சென்றான். இடைப்பட்ட காலத்தில் அவனுக்கும் வாயிலுக்கும் நடுவே ஏதோ ஒன்று எழும்பிவிட்டது. கடவுளே வந்து சிபாரிசு செய்ய வேண்டிய அளவுக்கு அது உயர்ந்துவிட்டது. அதன் பெயர் சாதி.

யாழ் மறைந்தது. யாழை வைத்திருந்த குடி தாழ்த்தப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிட முடியுமா? கருவியைக் காப்பவன் மனிதன். அவனைத் தெருவுக்கு விரட்டிவிட்டுக் கருவியை மட்டும் காப்பாற்ற எந்த நாட்டாலும் இயலாது. 1947ல் விபுலானந்த அடிகள் யாழ் நூல் எழுதி, ஏட்டிலிருந்த குறிப்புகளைக் கொண்டு அந்தக் கருவியை மீட்டெடுக்கப் பாடுபட வேண்டியதாயிற்று. அவருக்கு முன் 1917ல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலால் தமிழிசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்தார். ஒருவர் ஈழத்துத் துறவி. ஒருவர் கிறித்தவ மருத்துவர். தமிழிசையின் வேரைத் தோண்டிக் காட்டியவர்கள் இவர்களே என்பதைக் கருதுக.

தோலைத் தொட்டவன் கண்ட அறிவியல்

இனி, தோற்கருவியின் கதையைக் கேளுங்கள். இசைக் கச்சேரியில் மிருதங்கத்திற்கு அரச மரியாதை. அதனை இயற்றுவது எப்படி? பலா மரத்தைக் குடைந்து உடல் செய்கின்றனர். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சேர்த்து இரு தலைகளையும் மூடுகின்றனர். எருமைத் தோலை வாராக அறுத்து இழுத்துக் கட்டுகின்றனர். வலந்தலையின் நடுவே, சோற்றோடு கல்லின் பொடியைக் கலந்து அரைத்த கரிய சாந்தைச் சிறிது சிறிதாக அப்பி, கல்லால் தேய்த்துத் தேய்த்து உலர்த்துகின்றனர். கரணை என்பர் அதனை.

அந்தக் கரணை எதற்கு? வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால், முதன்மை ஒலியோடு 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று இயையாத எண்களில் துணை ஒலிகள் எழும்பும். ஆதலால்தான் உலகின் பெரும்பாலான பறைகளில் முழக்கம் உண்டு, சுரம் தெளிவாக இல்லை. நடுவே கரணை ஏற்றிய தோலோ, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என முழு மடங்குகளாகத் துணை ஒலிகளைத் தருகிறது. நரம்பைப் போலப் பாடுகிறது. இதனைச் சர் சி. வி. இராமன் 1920ல் தம் உடன் ஆய்வாளரோடு உலகுக்கு அறிவித்தார். 1934ல் மேலும் விரிவாக எழுதி, தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் எவ்வாறு ஐந்து இசைவுகளுக்குள் அடங்குகின்றன என்பதை விளக்கினார். ஐரோப்பாவின் கணித மேதைகள் வட்டத் தோலின் அதிர்வுக்குச் சமன்பாடு எழுதியதுண்டு. அந்தத் தோலை இசைவாகப் பாட வைக்கும் வழியை இந்நாட்டின் கைவினைஞன் கண்டான்.

இராமன் விளக்கினார்; பாராட்டுகிறோம். விளக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதனைச் செய்து காட்டியவன் யார்? எவ்வளவு சாந்து, எவ்வளவு கனம், எவ்வளவு அகலம் என்பதை ஆயிரம் தடவை தவறிச் செய்து, செவியாலே அளந்து, கையாலே கண்டறிந்த அந்த அறிவியலாளன் யார்? தோல் உரிப்பவன் என்றும் தோல் பதப்படுத்துபவன் என்றும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மனிதன் அவன். 2020ல் பாடகர் டி. எம். கிருட்டிணா 'செபாசுடியன் அன் சன்சு' என்னும் ஆங்கில நூலில், மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றை எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கிறித்தவம் தழுவியவர். பாலக்காடு மணி ஐயரின் விரல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அவருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்தின் விரல்களைப் பற்றி எத்தனை வரி எழுதினார்கள்? அந்த நூலை வெளியிட முதலில் ஒப்புக்கொண்ட அரங்கம் கடைசியில் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத் தோலை மேடையில் வைத்து வாசிக்கலாமாம்; மாட்டுத் தோல் என்று மேடையில் பேசலாகாதாம்! செத்த மாட்டின் தோல் கோயிலுக்குள் செல்லும். அதைப் பதப்படுத்திய உயிருள்ள மனிதன் 1939 வரை மதுரைக் கோயிலுக்குள் செல்ல முடியவில்லை. இந்த நியாயத்திற்கு எந்தத் தருக்க நூலில் இடமுண்டு?

தறியின் தாளம், பல்லவியின் தாளம்

காலக் கணக்கைத் தாளம் என்கிறோம். இதிலும் உலகம் ஒன்றே, வழிகள் பல. துருக்கியிலும் பல்கேரியாவிலும் ஏழு எண்ணிக்கையை இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரித்து ஆடுகின்றனர். நாம் அதே ஏழை மூன்றும் நான்குமாகப் பிரித்து மிசிர சாபு என்கிறோம். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் பன்னிரண்டு சிறு துடிப்புகளை இரும்பு மணியால் அடித்துக் காட்டி, அதன் மீது இரண்டும் மூன்றும் ஒருசேர ஓடும்படி பறைகளை முழக்குகின்றனர். சாவகத்தார் பெரிய கண்டாமணி ஒலிக்கும் இடத்தை ஆவர்த்தனத்தின் முடிவாகக் கொள்கின்றனர். நம்முடைய முறை ஏழு தாளங்களை மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து சாதிகளால் பெருக்கி 35 ஆக்குகிறது. சாதி என்னும் சொல் எங்கேனும் பயன்பட்டதுண்டென்றால் அது இந்தக் கணக்கில்தான்! இங்கே ஐந்து சாதியும் சமம்; எந்தச் சாதியும் எந்தத் தாளத்தோடும் சேரலாம்; தீட்டில்லை.

காஞ்சியில் தாளத்திற்கு இன்னொரு பள்ளிக்கூடம் உண்டு. அது நெசவாளியின் வீடு. குழித்தறியில் அமர்ந்தவன் காலால் மிதிக்கிறான், பாவு திறக்கிறது, நாடா பாய்கிறது, பலகை வந்து ஊடையை அடிக்கிறது. மிதி, வீச்சு, அடி. மீண்டும் மிதி, வீச்சு, அடி. ஓர் அடி பிசகினால் துணி காட்டிக்கொடுத்துவிடும். காஞ்சிப் பட்டின் தனிச் சிறப்பு கோர்வை; உடலுக்கு ஒரு நிறமும் இரு கரைகளுக்கு வேறு நிறமும் கொடுத்து, மூன்று நாடாக்களால் இழையோடு இழையைக் கோத்துவிடும் முறை. அதற்குத் தறியில் இருவர் வேண்டும்; இருவரும் ஒரே காலக் கணக்கில் இயங்க வேண்டும். பல காலம் அந்த இரண்டாவது இடத்தில் அமர்ந்தது பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவன் என்பதையும் மறக்கலாகாது. மிருதங்கக்காரனும் தன் கணக்குகளைக் கோத்து, பெரும்பாலும் மூன்று முறை வாசித்துத் தாளத்தின் சமத்தில் வந்து நிறுத்துவதைக் கோர்வை என்றே சொல்கிறான். தறிக்கும் முழவுக்கும் ஒரே சொல்! கோத்து முடிப்பது என்பதற்குத் தமிழன் வைத்த பெயர் ஒன்றே.

இந்நகரத்தில் தோன்றியவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889ல் பிறந்து 1934ல் மறைந்தவர். இசை வேளாளர் குடியினர். புகழ் பெற்ற பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்தவர். தாளக் கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை என்று அக்காலத்தவர் போற்றினர். பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலிய பல பக்கவாத்தியங்களோடு அவர் பாடியதை, நீதிமன்றப் பேச்சை இரவல் வாங்கி 'புல் பெஞ்சு' கச்சேரி என்று சொல்வர். அவர் அவையில் இடம் பெற்ற கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை, கோயிலில் விளக்குப் பிடிக்கும் ஊழியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பசனைக் கூட்டத்துச் சிறு பறையை வித்துவான்களுக்குச் சமமாக அமர்த்திய பெருமை, அந்த விளக்குப் பிடித்த கைக்கு உரியது.

நாயனாப் பிள்ளையைப் புகழ்வோர் அவர் அன்னையர் வழியைச் சொல்லத் தயங்குவர். பொட்டுக்கட்டும் குலத்துப் பெண்கள் பல தலைமுறை காத்த இசைச் செல்வமே அது. ஆலயத்துக்கு அடிமையென்று பெண்ணை ஒப்படைத்த கொடுமையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் சுயமரியாதை இயக்கமும் எதிர்த்துப் போராடினர். 1947ல் சட்டம் அதனை ஒழித்தது. இழிவு ஒழிந்தது, அது நம் வெற்றி. ஆனால், அந்தப் பெண்களின் கலையை மட்டும் பிறர் எடுத்துக்கொண்டு, கற்றுக்கொடுத்தவர் பெயரைச் சொல்லாமல் விட்டது நீதியாகாது. இந்தக் காஞ்சியிலே 1919ல் பிறந்த டி. கே. பட்டம்மாள், நாயனாப் பிள்ளையின் இசையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தார். அவரை மானசீக ஆசானாகக் கொண்டார். இராகம் தானம் பல்லவி ஆடவர்க்கே உரியது என்னும் வேலியை உடைத்தார். அந்தணர் வீட்டுப் பெண் இசை வேளாளரிடம் கற்றாள். ஆண்களின் கணக்கைப் பெண் வென்றாள். வேலி இரண்டும் ஒரே குரலில் இடிந்தன. வேலிகள் இயற்கையானவை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

கடல் கடந்தது அமர்ந்தது, கண்முன் இருந்தது நின்றது

தூய மரபு, தொன்மை மரபு என்று பேசுவோரிடம் ஒன்று கேட்போம். இன்று கச்சேரியில் பாடகரின் பக்கத்திலே அமரும் பிடில் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் முதலானோர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கற்றனர். வெள்ளைக்காரன் தாடையில் வைத்து வாசித்ததை நம்மவர் தரையில் அமர்ந்து காலில் ஊன்றி வாசித்தனர். நூறாண்டுக்குள் அது நமது கருவியாகிவிட்டது. நாம் அதனை வரவேற்கிறோம். நல்லது எங்கிருந்து வந்தாலும் கொள்ளலாம் என்பதே பகுத்தறிவு. சுருதியைச் சொல்லும்போது ஒரு கட்டை, ஐந்து கட்டை என்கிறோமே, அந்தக் கட்டையும் ஆர்மோனியப் பெட்டியின் கட்டையே.

அயல்நாட்டுப் பிடிலுக்கு நூறாண்டில் கிடைத்த இருக்கை, இந்த மண்ணிலே பிறந்து புறநானூற்றிலே பெயர் பெற்ற பறைக்கு ஈராயிரம் ஆண்டாகக் கிடைக்காதது ஏன்? அதன் ஒலி குறைவா? தாளம் குறைவா? தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றும் அந்தத் தோலுக்கு அறிவியல் குறைவா? ஒன்றும் இல்லை. கருவியை நோக்கியவர்கள் கருவியை நோக்கவில்லை. பிடித்திருந்த கையை நோக்கினார்கள். நாதசுரம் கோயிலுக்குள் முழங்கியபோதும் நாதசுரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், தோளில் துண்டு போடலாகாது என்று கட்டளையிட்டவர்களும் அதே கண்களால்தான் நோக்கினார்கள். அந்தத் துண்டைத் தோளில் நிலைக்கச் செய்தது எந்தச் சாத்திரமும் அன்று, சுயமரியாதை இயக்கம்.

மாறாதது எதுவுமில்லை என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1941ல் அண்ணாமலை நகரில் எழுந்த தமிழிசை முழக்கம், 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக வேரூன்றியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு பாடுவதே தகாது என்றவர்களுக்கு அது மறுமொழியாயிற்று. காஞ்சியிலே நெசவாளர் குடியில் 1909ல் பிறந்த அண்ணா, 1942ல் அதே நகரிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கி, அந்தப் போரில் எழுத்தாலும் பேச்சாலும் துணை நின்றார். இசுலாமியரான சேக் சின்ன மௌலானா திருவரங்கத்தில் வாழ்ந்து நாதசுரத்துக்குப் புகழ் சேர்த்தார். 2022ல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்த ஊரின் பெயர் முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியது. 2025ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மசிறீ விருதை அறிவித்தது. சாவு வீட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்ட கருவி, குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அழைக்கப்பட்டது.

விருது ஒருவருக்கு, உரிமை எல்லார்க்கும். நாம் கேட்பது விருதன்று. இசை கற்பிக்கும் பள்ளியில் பறையும் துடியும் பாடமாகட்டும். மிருதங்கம் வாசிப்பதற்குச் சான்றிதழ் தரும் நிலையங்கள் மிருதங்கம் செய்வதற்கும் வகுப்பு நடத்தட்டும். கரணை இடும் கலையைக் கற்பிக்கும் ஆசானாகத் தோல் தொழிலாளியை நாற்காலியில் அமர்த்தட்டும். கச்சேரி அழைப்பிதழில் பாடியவர், பக்கம் வாசித்தவர் பெயருக்குக் கீழே, கருவி செய்தவர் பெயரையும் அச்சிடட்டும். அதற்கு மையின் செலவு ஒரு காசும் கூடாது. இயற்பியல் பாடநூலில் ஒலி பற்றிய பகுதியில் இராமனின் ஆய்வைச் சேர்க்கும்போது, அவர் ஆய்ந்த கருவியைச் செய்த குடியைப் பற்றியும் இரு வரி எழுதட்டும். அந்த இரு வரியைப் படிக்கும் சேரிச் சிறுவன், தன் பாட்டன் ஓர் அறிவியலாளன் என்று தலை நிமிர்வான்.

காஞ்சியின் தெருக்களில் தறி இன்றும் ஒலிக்கிறது. கோயில்களில் தவில் முழங்குகிறது. ஊர்ப்புறத்தில் பறை அதிர்கிறது. மூன்றும் காற்றில் கலக்கும்போது எந்த அதிர்வும் மற்றோர் அதிர்வை விலகி நில் என்று சொல்வதில்லை. காற்று கற்றுக்கொண்ட ஒழுங்கை மனிதர் கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும்? அதைக் குறைப்பதே நம் தலைமுறையின் வேலை.